அந்தச் செய்தியில் இல்லாத ஒரு வரி

நாளிதழ் ஒன்றில் 22 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். பெரும்பாலும் இரவுப் பணி. ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது, இவற்றையெல்லாம் களைந்து பக்கத்தை அச்சுக்கு அனுப்புவது என் வேலை. ஆயிரக்கணக்கான செய்திகள் என் கையைக் கடந்து போயிருக்கின்றன, மறுநாளே மறந்துவிடுவேன். ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

எட்டு வரிச் செய்தி அது. குடிபோதையில் நள்ளிரவில் சாலையில் ரகளை செய்த பெண்ணைப் போலீசார் கைது செய்தார்கள்; சாலையோரம் நின்று ஆண்களை விபசாரத்துக்கு அழைத்ததாக அவர் மீது வழக்கு. காவல் நிலையத்தில் கொடுத்த குறிப்பை நிருபர் அப்படியே எழுதி அனுப்பியிருந்தார். எட்டு வரிகளில் 'பெண்' என்ற சொல் நான்கு முறை வந்திருந்தது. கூறியது கூறல் என்று எனக்கு உறுத்தியது. இரண்டு இடங்களில் 'அழகி' என்று மாற்றினேன். தலைப்பிலும் அதையே போட்டேன். நடை சரியாகிவிட்டது என்ற நிறைவோடு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

தமிழ் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் இந்தச் சொல் எங்கே வரும் என்று தெரியும். மேடையில் முடிசூட்டப்படுபவர் உலக அழகி. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போலீஸ் வேனில் ஏறுபவரும் அழகிதான். 'அழகிகள் சிக்கினர்', 'அழகிகள் மீட்பு' என்று அடுத்தடுத்த நாட்களில் ஒரே பக்கத்தில் எழுதுவோம். சிக்கியவர் எப்படி மீட்கப்பட்டவர் ஆவார் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. மீட்கப்பட்டவர் பூட்டிய காப்பகத்தில் இருப்பார், அதையும் கேட்டதில்லை. நம் மொழியில் மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. ஆய்வாளர் 'தெரிவித்தார்'. தொழிலதிபர் 'தப்பிச் சென்றார்'. அவள் மட்டும் 'ஒப்புக்கொண்டாள்'. அந்த 'ஆள்' விகுதியை எத்தனை முறை கண்ணால் பார்த்துவிட்டு, பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

செய்தி வந்த நான்காம் நாள் இரவு, காற்று வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். வாசலில் காவலாளி ஒரு பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பாலிதீன் உறை. அதற்குள் அந்த எட்டு வரி, பிளேடால் ஓரம் பிசிறாமல் வெட்டி, நான்காக மடித்து வைத்திருந்தார். "சார், இதை எழுதினவரைப் பார்க்க வேண்டும்" என்றார். நிருபர் இல்லை, நான்தான் திருத்தியவன், சொல்லுங்கள் அம்மா என்றேன். 'அம்மா' என்றதும் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இடது கைச் சட்டையை மேலே சுருட்டினார்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே தொடங்கி முழங்கை வரை ஒரு வெட்டு. ஏழு தையல். கறுப்பு நூலின் முனைகள் வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றியுள்ள தோல் மஞ்சளாகவும் ஊதாவாகவும் இருந்தது. சாராய வாடையும் டிங்சர் வாடையும் சேர்ந்து அடித்தன. அன்று இரவு காரில் வந்தவன் ஒருவன் வெட்டினான் என்றார். ஓடிப் போய்ச் சாலையின் நடுவில் நின்று கத்தியிருக்கிறார். அதுதான் ரகளை. ரோந்து வண்டி வந்தது. வெட்டினவனைச் சொன்னார், கார் எண்ணைச் சொன்னார். வாயில் வாடை வந்ததால் முதலில் ஊதச் சொன்னார்கள்.

"குடித்திருந்தேன் சார், இல்லை என்று சொல்லவில்லை. குடிக்காமல் அந்த இடத்தில் நிற்க முடியாது. ஆனால் கை என் கைதானே? இதில் என் கையைப் பற்றி ஒரு வரி இல்லையே?"

செய்தித் துண்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், கடல்சீற்ற அறிவிப்பு ஒன்றின் மேல், கண்மையால் ஒரு வாகன எண். நான்கு இடத்தில் சொல்லிப் பார்த்தாராம், யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மறந்துவிடக் கூடாது என்று தானே எழுதி வைத்துக்கொண்டார்.

நான் மேலே போய்ப் பொறுப்பாசிரியரிடம் சொன்னேன். மறுப்பு போட முடியாது, எஃப்.ஐ.ஆரில் இல்லாததை எழுத முடியாது என்றார். அதோடு, "குடிகாரி பேச்சை நம்பியா?" என்றும் கேட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை அன்று அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்போம். நான் இறங்கி வருவதற்குள் அந்தப் பெண் போய்விட்டார்.

அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கனடாவின் வான்கூவரில் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்று ஒரு பகுதி. வறுமையும் ஊசிப் போதையும் தெருவோரப் பாலியல் தொழிலும் ஒன்றாகக் கிடக்கும் இடம். 1990-களில் அங்கிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். அவர்களில் பலர் பூர்வகுடிப் பெண்கள். 1997-ல் ஒரு பெண் தப்பி வந்தார். ராபர்ட் பிக்டன் என்ற பன்றிப் பண்ணைக்காரன் தன் இடத்துக்கு அழைத்துப்போய்க் கைவிலங்கு மாட்டிக் கத்தியால் குத்தினான். அவரும் அவனைத் திருப்பிக் குத்திவிட்டு ஓடிவந்தார். காயம்பட்ட இருவரும் ஒரே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் மணிக்கட்டில் இருந்த விலங்கை, பிக்டனிடம் இருந்த சாவி திறந்தது.

இதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்? ஆனாலும் 1998-ல் அந்த வழக்கை அரசுத் தரப்பு கைவிட்டது. போதைப்பழக்கத்தில் இருக்கும் அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் நிற்கும் நிலையில் இல்லை என்பது காரணம். அதன் பிறகும் பெண்கள் மறைந்தார்கள். 2002-ல் சட்டவிரோதத் துப்பாக்கி தேடிப் போன போலீசார்தான் அந்தப் பண்ணையைத் திறந்து பார்த்தார்கள். 33 பெண்களின் மரபணுத் தடயங்கள் அங்கே கிடைத்தன. 2007-ல் ஆறு கொலைகளுக்குத் தண்டனை கிடைத்தது. இதைப் படித்த இரவு, கண்மையால் எழுதிய அந்த எண்தான் கண் முன் நின்றது. அதுவும் ஒரு சாவி.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பீட்டர் சட்கிளிஃப் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றான். 1979-ல் மூத்த போலீஸ் அதிகாரி ஒருவர் பொதுவெளியில் பேசியதைப் படித்து அதிர்ந்தேன். இவன் விலைமாதர்களை வெறுக்கிறான், பலரும் வெறுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் இப்போது அப்பாவிப் பெண்களைக் கொல்கிறான் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அப்பாவிப் பெண்கள்! நாங்களும் வைத்திருந்த சொல்தான் அது. யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. அந்தக் கால மொழிக்காக அந்தப் போலீஸ் துறை மன்னிப்புக் கேட்டது 2020-ல். 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

தெருவில் குடியிருப்பவர்களின் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஊசி கிடந்தால் எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். இரவில் வீடு திரும்பும் பெண்ணிடம் காரை நிறுத்தி விலை கேட்கிறவன் இருக்கிறானே, அவனால் வரும் அருவருப்பு உண்மையானது. ஆனால் புகார் வந்ததும் நடப்பது என்ன? ஒரு வாரம் சோதனை நடக்கும். பெண்கள் விளக்கு உள்ள சாலையிலிருந்து விளக்கு இல்லாத சந்துக்குப் போவார்கள். போலீஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில், காருக்குள் இருப்பவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கிற அரை நிமிடமும் இல்லாமல் ஏறுவார்கள். ஊசி அடுத்த தெருவில் கிடக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஹோல்பெக் பகுதியில் 2014-ல் வேறு வழி பார்த்தார்கள்: குறித்த தெருக்களில் குறித்த இரவு நேரங்களில் கைது இல்லை. அதுவும் நிலைக்கவில்லை. அங்கேயும் 2015-ல் ஒரு பெண் கொல்லப்பட்டார், குடியிருப்பவர்களின் எதிர்ப்பும் ஓயவில்லை, 2021-ல் கைவிட்டார்கள். ஆகவே எளிய வழி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் மாறினால் என்ன மாறும் என்பதற்கு நியூசிலாந்தைச் சொல்வேன். 2003-ல் 60-க்கு 59 என்ற வாக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2014-ல் ஒரு பாலியல் தொழிலாளி, தன்னை வேலைக்கு வைத்திருந்தவர் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று தீர்ப்பாயத்துக்குப் போய் 25,000 டாலர் இழப்பீடு பெற்றார். பணத்தை விடுங்கள். அவர் சொன்னதை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, எழுதிக்கொண்டு, நம்பினார். போர்ச்சுகலில் 2001 முதல், சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நடத்துவதில்லை. மூன்று பேர் கொண்ட குழுவின் முன் அனுப்புகிறார்கள். அங்கே கேட்கிற முதல் கேள்வி வேறாக இருக்கும்.

இந்தியாவில் பாலியல் தொழில் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. தொழில் குற்றமில்லை, அழைப்பது குற்றம். சன்னலோரம் உட்கார்வதையும் பால்கனியில் நிற்பதையும் கூட, அழைப்பதைக் குற்றமாக்கும் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், 1999-ல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்டதில் தொடங்கிய வழக்கில், சில வழிகாட்டுதல்களைத் தந்தது. அவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புகார் தந்தால் மற்ற எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கிற மருத்துவ உதவி முதல் எல்லாம் கிடைக்க வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. ஊடகங்கள் அவர்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. கடைசியாகச் சொன்னது எங்களுக்கு. படித்தபோது வெட்கமாக இருந்தது. நீதிமன்றம் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்ததா?

பணியின் கடைசி ஆண்டுகளில் 'அழகி' வந்தால் 'பெண்' என்று மாற்றுவேன். 'ஒப்புக்கொண்டாள்' வந்தால் 'கூறினார்'. எத்தனை முறை 'பெண்' வந்தாலும் விட்டுவிடுவேன். இரண்டொரு முறை மேசையிலிருந்து திரும்ப மாற்றினார்கள். நான் மறுபடி மாற்றினேன். புதிதாக வந்த பையன் ஒருவன், ஏன் சார் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றான். அவனுக்கு அந்தத் தையலைப் பற்றிச் சொன்னேன். அவனும் மாற்ற ஆரம்பித்தான்.

அந்தப் பெண்ணை மறுபடி நான் பார்க்கவே இல்லை. அந்த வாகன எண்ணை அன்று நானும் எழுதிக்கொள்ளவில்லை. பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் கேட்ட வரியை என் பத்திரிகை போடவில்லை. இங்கே போடுகிறேன்:

கைது செய்யப்பட்ட பெண்ணின் இடது கையில் மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கை வரை வெட்டுக்காயம் இருந்தது. ஏழு தையல் போடப்பட்டது. தன்னை வெட்டியவர் வந்த காரின் எண்ணை அவர் தெரிவித்தார்.