சாட்ஸ்வொர்த்திலிருந்து விமானி இருக்கை வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த எனக்கு, சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் வணிக விமானி உரிமம் கைக்கு வர மூன்றரை ஆண்டுகள் ஆயின. இத்துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் செலவைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் மருத்துவச் சோதனையைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வணிக உரிமம் கிடையாது. கண், காது, இதயம் எல்லாவற்றையும் பார்த்து அந்தச் சான்றிதழைக் கொடுக்கும்வரை எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு ராண்டு கூடக் கட்டாதீர்கள்.

டர்பனில் கடலை ஒட்டியுள்ள வர்ஜீனியா விமான நிலையத்தில், செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தில் தொடங்கினேன். காலையில் முதல் வேலை, இறக்கையின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை ஒரு கண்ணாடிக் குழலில் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. எரிபொருள் வெளிர்நீலமாக இருக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப்போல் திரண்டு நிற்கும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அந்த முத்தை நான் இருமுறை கண்டிருக்கிறேன். அதனால் இன்றுவரை அந்தச் சோதனையை அவசரமாகச் செய்ததில்லை.

சம்பளமின்றிச் சொந்தமாகப் பறப்பதற்கான தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம், வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வுகளில் 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. வானிலைத் தாளை நான் இரண்டாம் முறைதான் தாண்டினேன். இதைவிட என்னை வருத்தியது பணம். நான் சேர்ந்த பள்ளியில் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்; பிறகு விமானம் பழுதுபார்ப்புக் கொட்டகையில் ஏழு வாரம் நின்றபோது என்னால் வேறிடம் போகவும் முடியவில்லை. பறக்கப் பறக்கக் கட்டும் ஏற்பாட்டையே கேட்டு வாங்குங்கள்.

கடல் மட்டத்தில் பழகிய எனக்கு உண்மையான பாடம், ஜொகானஸ்பர்க் அருகே ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் விமான நிலையத்தில் கிடைத்தது. அது சுமார் 5,500 அடி உயரத்தில் உள்ளது. வெயில் 30 பாகையைத் தொடும் பிற்பகலில், அங்கே காற்றின் அடர்த்தி எட்டாயிரம் அடிக்கு மேலே இருப்பதைப் போல மெலிந்துவிடும். டர்பனில் முழுவதும் உள்ளே தள்ளியே வைத்துப் புறப்பட்ட சிவப்புக் கலவைக் குமிழை (எஞ்சினுக்குள் காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றுவது), அங்கே ஓடுதளத்துக்குள் நுழையும் முன்பே சிறிது சிறிதாக வெளியே இழுத்து, எரிபொருளைக் குறைத்து, எஞ்சின் சீராக உறுமும் இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. வேகமானியில் வழக்கமான 55 நாட் வேகம்தான் (மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர்) தெரிந்தது; காற்று மெலிந்திருந்ததால் தரையோ அதைவிட வேகமாகப் பின்னோக்கி ஓடியது. ஓடுதளம் நீண்டுகொண்டே போக, விமானம் எழ மறுத்தது. "மூக்கைத் தூக்காதே, பொறு," என்றார் பயிற்றுநர். அவசரப்பட்டு இழுத்தால் மேலே எழுந்தும் ஏற முடியாமல் திணறும் என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். விதியாகப் படித்ததைக் கையும் காலும் அறிய வேண்டுமென்றால், கடலோரத்தில் பயிலும் எல்லோரும் ஒருமுறையாவது அந்த மேட்டுநிலத்தில் பறக்க வேண்டும்.

உரிமம் வந்ததும் விமான நிறுவன வேலை வந்துவிடாது. விமானப் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும் என்பதால், பயிற்றுநர் தகுதி பெற்று இப்போது பிறருக்குக் கற்றுக்கொடுத்தபடி மணிகளைச் சேர்த்துவருகிறேன். நேற்றோடு 912 ஆயிற்று. ஞாயிறுதோறும் என் ஆயா, அதாவது பாட்டி, என் பறப்புப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாரத்து வரிகளைப் படித்துக் காட்டச் சொல்வார்.