சூடு ஏறினால் சுருதி ஏறும்

அந்த வேலைத்தாளில் இருந்த கையெழுத்து என்னுடையது. ‘14-ஆம் எண் தெர்மோகப்பிள் பழுது, தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டது’ என்று எழுதி, நேரம் அதிகாலை 2.40 என்று குறித்திருந்தேன். தெர்மோகப்பிள் என்பது வெப்பத்தை அளக்கும் கம்பி. பல வருடம் ஆகியும் அந்தத் தாள் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பினாங்கின் பெருநிலப் பக்கம், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரத்தில், ஓர் எரிவாயு மின் நிலையத்தில் கருவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். திரெங்கானு கடலில் எடுக்கும் வாயு குழாய் வழியாக எங்களிடம் வருகிறது. அதை எரித்து டர்பைனை நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றவைத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். வெளியாட்களுக்கு இதுவே கதை முழுவதும். கருவிப் பிரிவில் இருப்பவனுக்குக் கதை வேறு. இயந்திரத்துக்குள் எவ்வளவு சூடு என்பதுதான் எங்கள் வாழ்நாள் கேள்வி, அதை நேரடியாக அளக்க எங்களுக்கு வழி கிடையாது.

வாயு எரியும் எரிகலன்களிலிருந்து டர்பைனின் முதல் வரிசை இறக்கைகளுக்குப் போகும் வாயுவின் வெப்பம் பெரிய இயந்திரங்களில் 1300 டிகிரி செல்சியஸைத் தாண்டும், புதியவற்றில் 1500-ஐயும் தாண்டும். இறக்கை செய்த நிக்கல் கலவையே அந்தச் சூட்டில் உருகிவிடும். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் அமுக்கியிலிருந்து கொஞ்சம் காற்றைத் திருப்பி இறக்கையின் உள்ளே நுண்ணிய துளைகள் வழியாக ஓடவிட்டு அதைக் காப்பாற்றுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு கம்பியை நீட்டி அளக்க முடியாது. நீட்டினாலும் நாள் கணக்கில் நிற்காது, முறிந்து விழுந்தால் பின்னால் இருக்கும் இறக்கைகள் அத்தனையும் போய்விடும். ஆகவே வாயு வேலையெல்லாம் முடித்து வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம், 600 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு, வட்டமாகத் தெர்மோகப்பிள்களைச் சொருகி வைத்திருக்கிறோம். எங்கள் இயந்திரத்தில் 24. அந்த 24 எண்களையும் அமுக்கியின் அழுத்தத்தையும் வைத்து, முன்னால் எவ்வளவு சூடு இருந்திருக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. சாப்பிட்டு எழுந்தவர் முகத்தைப் பார்த்து அடுப்பில் என்ன நடந்தது என்று சொல்வது மாதிரியான வேலை.

அன்று இரவு 14-ஆம் எண் மற்றவற்றைவிட 40 டிகிரி குறைவாகக் காட்டியது. கண்ட்ரோல் ரூமிலிருந்து அழைப்பு வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் அதே தெர்மோகப்பிளின் முனையத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்ததை நான் சரிசெய்திருந்தேன். மறுபடியும் அதேதான் என்று மனம் முடிவுகட்டிவிட்டது. கணக்கிலிருந்து அதை விலக்கச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் 13-ஆம் எண்ணும் இறங்கியது. வட்டத்துக்குள் வித்தியாசம் எல்லை மீற, முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் தானாக டிரிப் ஆகி நின்றது. ஆறவைத்துத் திறந்து பார்த்தபோது ஓர் எரிகலனின் எரிபொருள் துளைகளில் பாதி, கறுத்த படிவால் அடைத்துக் கிடந்தன. அந்த எரிகலன் மட்டும் நாள்கணக்கில் அரைவயிற்றோடு எரிந்திருக்கிறது. முதல் இரவே கவனித்திருந்தால் சுமையை மெல்லக் குறைத்து நிதானமாக நிறுத்தியிருக்கலாம். முழுச் சுமையிலிருந்து சட்டென நிற்கும் ஒவ்வொரு முறையும் சூடான உலோகம் படும் பாடு அதன் ஆயுளில் கழிகிறது.

எங்கள் பகுதியில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். திறந்த எரிகலனின் முன்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்னைத் திட்டவில்லை. “தெர்மோகப்பிள் பொய் சொல்லலை தம்பி. அது தன் மூக்குக்கு நேரா வந்த காத்தைப் பத்தி மட்டும்தான் சொல்லும். அதுக்குப் பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு அதுக்கே தெரியாதுலா” என்றார்.

அவர் சொன்னது எங்கள் வேலையின் மையத்தைத் தொடும் விஷயம். தெர்மோகப்பிள் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே குளிர்ந்த ஒரு கீற்று நழுவிப் போனால் யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, வாயு டர்பைனுக்குள் நுழைந்து வெளிவருவதற்குள் சுழன்றுவிடுகிறது. 14-க்கு நேராக இருக்கும் எரிகலன்தான் குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. எத்தனை டிகிரி சுழன்றது என்பது சுமைக்கு ஏற்ப மாறும்.

அதற்கு அடுத்த வருடம், திட்டமிட்ட நிறுத்தம் ஒன்றில், ஒலியை வைத்து வெப்பத்தை அளக்கும் கருவிகளைச் சோதனைக்காக எக்ஸாஸ்ட் குழாயில் பொருத்தினார்கள். கொதிகலன்களில் இந்த முறை பல வருடமாக இருக்கிறது, டர்பைன் பக்கம்தான் தயங்கித் தயங்கி வருகிறது. உதவிக்கு என்னையும் அண்ணனையும் போட்டார்கள்.

தத்துவம் எளிது. வாயு சூடாக இருந்தால் ஒலி வேகமாகப் போகும். வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். சாதாரணக் காற்றில் 0 டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர், 20 டிகிரியில் 343. இந்தக் கணக்கை நியூட்டன் 1687-இலேயே போட்டுப் பார்த்தார். விடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. ஒலி போகும்போது காற்று அமுங்குகிற இடத்தில் சூடு பிறக்கிறது, அந்தச் சூடு வெளியேற நேரம் இல்லை என்பதைச் சேர்த்து லாப்லாஸ் 1816-இல் அதைச் சரிசெய்தார். ஒரு சுவரிலிருந்து ஒலியை அனுப்பி, எதிர்ச் சுவரில் எப்போது வந்து சேர்கிறது என்று பார்த்தால், வழியெங்கும் உள்ள வாயுவின் சராசரிச் சூடு கிடைத்துவிடும். அந்தப் பாதையில் எதுவும் குறுக்கே நிற்கத் தேவையில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

இயந்திரம் ஆறிக் கிடந்த ஒரு காலையில் முதல் சோதனை. குழாய்க்குள் நானும் அண்ணனும் தவழ்ந்து போய், ஒரு கருவியின் வாயிலிருந்து எதிர்க் கருவியின் வாய்வரை நாடா பிடித்தோம். 5.40 மீட்டர். வெளியே வந்ததும் ஒலியை விட்டார்கள். சின்ன விசில், கீழிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு கீச்சு. திரையில் 15.37 மில்லி விநாடி. கால்குலேட்டரில் தட்டினேன், விநாடிக்கு 351 மீட்டர் சொச்சம், வெப்பம் 34 டிகிரி. அண்ணன் உள்ளே கட்டித் தொங்கவிட்டிருந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தார். 31.

மூன்று டிகிரி பிசகு. நாடாவை மறுபடி பிடித்தோம், அதே 5.40. கருவியை மாற்றினார்கள், அதே 15.37. எனக்குள் அந்தப் பழைய இரவின் பதைப்பு வந்துவிட்டது. கருவி பழுது என்று எழுதிவிடக் கை துடித்தது. அண்ணன் கழுத்தில் கிடந்த துண்டைப் பிழிந்துகொண்டே, “இந்தக் காத்துல பாதி தண்ணிதான் தம்பி” என்று சாதாரணமாகச் சொன்னார்.

அதேதான் விடை. நான் போட்டது உலர்ந்த காற்றின் கணக்கு. காற்றின் சராசரி மூலக்கூற்று எடை 29, நீராவியினுடையது 18. ஈரம் கலந்த காற்று லேசானது, ஒலி அதில் கொஞ்சம் வேகமாகப் போகும். பினாங்கின் காலைப் புழுக்கத்தை, நூற்றுக்கு மூன்றுக்கு மேல் நீராவியை, கணக்கில் சேர்த்தபோது அந்த மூன்று டிகிரியும் கரைந்து 31 வந்து நின்றது. இது எக்ஸாஸ்டுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். வாயு எரிந்து வருவதில் நீராவியும் கரியமில வாயுவும் நிறைய இருக்கும். வாயுவில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஒலியிடம் சூட்டைக் கேட்டால் தவறான பதில்தான் வரும்.

இயந்திரம் ஓடத் தொடங்கி முழுச் சுமைக்கு வந்ததும், 15.37-இல் வந்த அதே ஒலி 9.3 மில்லி விநாடியில் வந்தது. அந்தச் சூட்டில் பத்து டிகிரி மாறினால் நேரத்தில் வரும் வித்தியாசம் வெறும் 0.05 மில்லி விநாடி. அந்த இரைச்சலில் இவ்வளவு நுணுக்கமாக எப்படிக் கேட்க முடிகிறது என்று ஆரம்பத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் நின்றவர்களுக்கு இது புரியும். முன்னும் பின்னும் பத்து உறுமிமேளக் குழு ஒன்றாக அடித்தாலும் காவடி எடுப்பவரின் கால் தன் குழுவின் அடிக்குத்தான் ஆடும். அந்த அடி அவருக்கு முன்பே தெரியும். கீச்சொலியும் அப்படித்தான். ஏறிப் போகும் அதன் வடிவம் கருவிக்கு முன்பே தெரியும். வந்த இரைச்சல் முழுவதின் மேலும் அந்த வடிவத்தை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து, எங்கே கச்சிதமாகப் பொருந்துகிறதோ அதுதான் வந்த நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. வாயுவின் ஓட்டம் ஒலியைத் தள்ளிவிடாதா என்றால், தள்ளும். இரு திசையிலும் அனுப்பிச் சராசரி எடுத்தால் அந்தத் தள்ளல் கழிந்துவிடும்.

வட்டத்தைச் சுற்றி எட்டுக் கருவிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு பேசினால் 28 பாதைகள். ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுப்பதுபோல அந்த 28 சராசரிகளிலிருந்து குழாயின் குறுக்குவெட்டுக்கு ஒரு வெப்பப் படம் வரைகிறார்கள். படம் அவ்வளவு துல்லியம் இல்லை. 28 கோட்டை வைத்து நுணுக்கமாக வரைய முடியாது. சூடு சீராக இல்லாத இடத்தில் ஒலியின் பாதையே வளையும், அதற்கும் திருத்தம் போட வேண்டும். ஆனாலும் சுமையை ஏற்றி இறக்கியபோது, லேசாகக் குளிர்ந்த ஒரு திட்டு திரையில் கடிகார முள்போல மெல்ல நகர்ந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். அத்தனை வருடம் புத்தகத்தில் படித்த சுழற்சி அது. அந்தத் திட்டு இரண்டு தெர்மோகப்பிளுக்கு நடுவே நின்றபோது 24 எண்களும் ஒரு குறையும் இல்லாமல் அழகாக இருந்தன.

இந்த முறையை எரிகலன் பக்கமே கொண்டுபோக முடியுமா என்ற கேள்விக்கு எனக்கு வழி காட்டியது வேலையிடம் அல்ல. எங்கள் மாமா ஒருவர் நாதஸ்வரம் வாசிப்பவர். ஒரு கல்யாணத்தில், மண்டபத்தின் குளிர்சாதனம் கடுமையாக இருந்த காலை நேரம், அவர் வாசிப்பைத் தொடங்காமல் குழலுக்குள் ஊதிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். “இருங்க, குழல் இன்னும் குளிர்ந்து கிடக்கு. சூடு ஏறினாத்தான் சுருதி ஏறும், இப்ப வாசிச்சா சுருதிப் பெட்டியோட சேராது” என்றார்.

நான் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போட்டேன். குழலுக்குள் இருக்கும் காற்று பத்து டிகிரி சூடானால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறும். நல்ல காது உள்ளவருக்கு அது கூசும். எரிகலனும் ஒரு குழல்தானே. அதற்கும் ஒரு சுருதி உண்டு. எரியும்போது அது எழுப்பும் முனகலை அளக்க அழுத்தக் கருவிகள் எங்கள் இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அதிர்வு அளவு மீறிப் போனால் எச்சரிக்க வேண்டும் என்பதற்காக வைத்தவை அவை. 1500 டிகிரியில் 150 ஹெர்ட்ஸில் முனகும் ஓர் எரிகலன் நூறு டிகிரி குளிர்ந்தால் 146-க்கு இறங்கிவிடும். புதிதாக எதையும் சொருக வேண்டாம். இருக்கும் காதைக் கொண்டே சூட்டைக் கேட்கலாம். இந்த வழியில் வெளிநாட்டில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவிடம் சொன்னபோது அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

என் பழைய கணினிப் பதிவுகளைத் தோண்டினேன். அந்த இரவுக்கு முந்தைய வாரத்தின் அழுத்தப் பதிவு இன்னும் அழியாமல் இருந்தது. ஒவ்வோர் எரிகலனின் உச்ச அதிர்வெண்ணையும் தனித்தனியாக எடுத்து வரைந்தேன். துளை அடைத்திருந்த எரிகலனின் கோடு மட்டும், நான் கையெழுத்துப் போட்ட இரவுக்கு நான்கு நாள் முன்பிருந்தே, கூட்டத்தைவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாளை அச்செடுத்து அண்ணனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சோதனை முடிந்ததும் அந்த எட்டுக் கருவிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை இருந்த துளைகளைத் தகடு வைத்து மூடிவிட்டோம். நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சூட்டிலிருந்து அந்த ஒலிக்கருவிகளைக் காக்கக் குளிர்காற்று வேண்டும், பராமரிப்பு வேண்டும், பணம் வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். அடைத்துப்போன ஓர் எரிகலனால் ஆகும் செலவையும் அதன் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் மேசை இப்போது என்னிடம். போன மாதம் இரவு வேலையில் ஓர் இளைஞன் வேலைத்தாளோடு வந்தான். 9-ஆம் எண் 35 டிகிரி குறைவு, விலக்கி வைக்கக் கையெழுத்து வேண்டும் என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னேன். எரிகலன்களின் அதிர்வெண் பதிவைத் திறந்து, கடந்த பத்து நாளை ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து, இருவரும் ஒவ்வொரு கோடாகப் பார்க்கத் தொடங்கினோம்.