பிளஸ் ஒன் இயற்பியலுக்கு மூடில்: மூன்று வருட அனுபவம்

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மூன்று வருடமாக வகுப்பறைப் பாடத்தோடு மூடிலையும் சேர்த்து நடத்துகிறேன். இணையத்தில் பாடம், தேர்வு, விவாதம் நடத்த உதவும் மென்பொருள் இது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கியது, முதல் பதிப்பு 2002-இல் வெளிவந்தது. மென்பொருள் இலவசம். சர்வருக்கும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கும்தான் செலவு.

முதல் வருடம் நோட்ஸ், பழைய வினாத்தாள், வீடியோ என்று கையில் இருந்ததையெல்லாம் ஏற்றினேன். பருவம் முடிந்து யார் எதைத் திறந்தார்கள் என்று பார்த்தால், பாதிக்கு மேல் ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகளைத் திட்டினேன். அது நியாயமில்லை. வீட்டில் பார்த்ததற்கும் மறுநாள் நான் நடத்துவதற்கும் சம்பந்தமே இல்லாதபோது அவர்கள் எதற்காகத் திறக்க வேண்டும்?

இப்போது ஒரு பாடத்துக்கு ஐந்தாறு நிமிட வீடியோ ஒன்று, கேள்வி மூன்று. அவ்வளவுதான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பதில்களைப் பார்த்துவிடுவேன். ஒருமுறை, மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் சுழி என்று போட்டிருந்தார்கள். திசைவேகம்தான் சுழி, முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². நான் தயாரித்து வைத்திருந்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, "உச்சியில் முடுக்கமும் சுழி என்றால் பந்து அப்புறம் எப்படிக் கீழே வரும்?" என்று தொடங்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "அங்கேயே நின்றுவிடும் சார்" என்றாள். அந்த ஒரு பதிலிலேயே வகுப்பு முழுக்கப் புரிந்துவிட்டது.

எண் விடை கேட்கும் கேள்விகளில் பிழை வரம்பை, அதாவது விடை எவ்வளவு விலகினாலும் ஏற்கலாம் என்ற அளவை, மறக்காதீர்கள். சரியான விடை 19.6 என்று வைத்து, வரம்பை 0 என்றே விட்டால் 19.6 எழுதியவருக்கு மதிப்பெண் கிடைக்கும். புவியீர்ப்பு முடுக்கம் g-ஐ 10 என்று எடுத்து 20 எழுதியவருக்குக் கிடைக்காது. பார்த்து எழுதுவது கவலையாக இருந்தால் கால்குலேட்டட் வகைக் கேள்வி போடுங்கள், ஆளுக்கு ஆள் எண் மாறும்.

விவாதத்துக்குக் கேள்வி-பதில் வகை மன்றத்தைப் பரிந்துரைப்பேன். தன் விடையை எழுதினால்தான் மற்றவர்களுடையது தெரியும். வழக்கமான அமைப்பில் எழுதிய பிறகும் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "சார், ஓப்பன் ஆகவில்லை" என்று இரவெல்லாம் அழைப்பு வரும்.

நேர வரம்பு வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். தேர்வின் நடுவில் கரண்ட் போய், இணையமும் போய், நன்றாகப் படிக்கும் ஒரு பையன் பாதி விடையோடு அழுதுகொண்டு வந்தான். வரம்பு இல்லாவிட்டால் இன்னொரு வசதியும் உண்டு. தேர்வின் அமைப்பில் நாம் அனுமதித்தால், மூடில் செயலியில் கேள்விகளை முன்பே இறக்கிக்கொண்டு இணையம் இல்லாமலும் எழுதலாம். பல வீடுகளில் அப்பாவின் போன்தான். அது வீட்டுக்கு வரவே இரவு எட்டு, ஒன்பது ஆகும். அதனால் எதற்கும் இரண்டு இரவாவது அவகாசம் கொடுங்கள்.

போனே இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். என் வகுப்பில் நான்கு பேர். அவர்களுக்காக மதிய இடைவேளையில் கணினி ஆய்வகத்தைத் திறந்து வைக்கிறேன். இப்போது போன் வைத்திருக்கும் சிலரும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அங்கே வந்துவிடுகிறார்கள்.