மூன்றாவது ஒயர்

எலக்ட்ரீசியன் பயிற்சியில் சேர்ந்தபோது எனக்கு வயது 44. அதற்கு முன் இருபது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை. உடன் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு இருபதுகூட நிறையவில்லை. முதல் வாரம் அவர்களும் என்னைச் ‘சார்’ என்றார்கள், என்னைவிட இளையவரான பயிற்றுநரும் ‘சார்’ என்றார். மூன்றாம் வாரம் பையன்கள் ‘அண்ணா’வுக்கு வந்துவிட்டார்கள். அதன்பிறகுதான் சந்தேகம் கேட்கும் கூச்சம் போயிற்று.

பாடம் எனக்குச் சிரமமாக இல்லை. ஓம் விதி பெருக்கலும் வகுத்தலும்தான். கைதான் படியவில்லை. ஒயரின் மேலுறையை உரிக்கும்போது கத்தி கொஞ்சம் அழுந்தினாலும் செம்பில் கீறல் விழுந்துவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அந்த இடத்தில் இரண்டு மூன்று முறை வளைத்தால் கம்பி முறிந்துவிடும். பக்கத்து மேசைப் பையன் பத்து ஒயரை உரித்து முடிக்கையில் நான் நான்காவதில் நிற்பேன்.

ஒருநாள் பிளக் பாயிண்ட் ஒன்றை இணைத்து முடித்தேன். சோதனை விளக்கு நன்றாக எரிந்தது. பயிற்றுநரை அழைத்துக் காட்டினேன். அவர் மெயினை அணைத்தார், மூடியைக் கழற்றினார், மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டார். பிறகு ஒவ்வொரு ஒயராக விரலால் பிடித்து இழுத்தார். பேஸ் அசையவில்லை. எர்த் அசையவில்லை. மூன்றாவதாக நியூட்ரல். கையோடு வந்துவிட்டது.

“விளக்கு எரிந்ததே சார்?”

“எரியும் சார். ஆண்டுக்கணக்கில்கூட எரியும்.”

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தளர்ந்த இணைப்பில் 1 ஓம் தடை உண்டாகி, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால், அந்தத் திருகின் அடியில் மட்டும் 100 வாட் வெப்பம். குண்டு பல்பு ஒன்றைச் சுவருக்குள் எரியவிட்டு மூடியதற்குச் சமம். மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, அதற்கு 10 ஆம்பியர் சாதாரணச் சுமை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் அசையாது. பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. பற்றும் வரவும் ஒத்துப்போகின்றன. சுவர் கருகிக்கொண்டிருக்கிறது.

இருபது ஆண்டுகளாக நான் நம்பி வந்தது அந்த ஒத்துப்போதலைத்தான். கூட்டல் சரியாக வந்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன், தவறு இருந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இங்கே என் தவறைச் சுவர் மூடிவிடும், அதன் பக்கத்தில் கட்டில் போட்டு யாரோ தூங்குவார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சோதிக்கும் கருவியையே முதலில் சோதிக்க வேண்டும் என்பதும் அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் மீட்டரை வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார், மறுபடி முதல் இடத்துக்கே வந்து பார். நடுவில் மீட்டர் பழுதாகியிருந்தால், உயிருள்ள ஒயரையும் அது செத்ததென்றே காட்டும். ஓம் விதிக்கும் முன்னால், முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டிய பாடம் இது என்பேன்.

செய்முறைத் தேர்வில் எல்லோருக்கும் கடைசியாக முடித்தவன் நான். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்துவிட்டே மூடியைப் பொருத்தினேன். நிமிர்ந்து பார்த்தபோது, எனக்கு முன்பே முடித்துவிட்ட பக்கத்து மேசைப் பையன், தன் போர்டின் திருகுகளைத் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தான்.