கேம் விளையாடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா?

கோலாலம்பூர் செந்தூலில் அண்ணன் மகனுடைய கணினி, கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கடையில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். யாரும் அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கும். அது காரணம் அல்ல, கணினி முறையாக அணையவில்லை என்ற பதிவு மட்டுமே. விண்டோஸில் ‘ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்’ அமைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். பிழையைக் காட்டும் நீலத்திரை வந்து நின்றால், அதிலுள்ள குறியீட்டை வைத்து டிரைவர், ரேம் என்று தேடலாம். எதுவுமே காட்டாமல் பட்டென்று போனால் சூட்டையும், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையையும் பாருங்கள்.

நம்ம கேஎல் வெக்கைக்குத் தூசி தட்டுவது எப்படியும் நல்லது. ஆனால் இங்கே சூடு சரியாகவே இருந்தது. கிராபிக்ஸ் கார்டு சில மில்லிவிநாடிகளுக்கு வழக்கத்தைவிட மிக அதிக மின்சாரம் இழுக்கும். பழைய பவர் சப்ளை அதைத் தாங்காமல் போனால் கணினி பட்டென்று அணைந்துவிடும் அல்லது ரீஸ்டார்ட் ஆகிவிடும். நண்பருடையதை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தோம், நின்றுவிட்டது தொல்லை! அப்புறம்தான் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா போய்ப் புதிது வாங்கினோம்.

மாற்றும்போது பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள், கேபிள் முனையிலுள்ள ஊசிகளின் (பின்) அமைப்பு வேறாக இருந்தால் பாகங்கள் கருகிவிடும். பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.