ஃபில்டர் போடட்டுமா தம்பி?

“ஃபில்டர் போடட்டுமா தம்பி, இல்ல எடிட்ல நீங்க பாத்துக்கிறீங்களா?”

கேமராமேன் சார் கேட்டது இவ்வளவுதான், வெளிச்சத்தைக் கலைத்து விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் வரவைக்கிற கண்ணாடி ஃபில்டரை லென்ஸில் மாட்டட்டுமா என்று. படத்துக்குக் கலர் செய்கிறவன் நான். ஃபோனில் ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள், பின்னால் தெப்பக்குளத்துக் கூட்டத்தின் இரைச்சல். நான் யோசிக்கவே இல்லை. “வேண்டாம் சார், க்ளீனா எடுத்துடுங்க, நான் போட்டுக்கிறேன்” என்றேன். அவர் உடனே வைக்கவில்லை. “வெளிச்சம் லென்ஸுக்கு முன்னாடியே கலையறதும், பதிவான பிறகு நீங்க கலைக்கிறதும் ஒண்ணு இல்லியே தம்பி” என்றார். அதற்கு நான் சொன்ன பதில்தான் ஒன்றரை வருஷமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. “பாக்கிறவங்களுக்குத் தெரியாது சார்.”

கார்த்திகை விளக்கு ஷாட் அது. குளத்துப் படியெல்லாம் அகல், அம்மா கதாபாத்திரம் விளக்குத் தட்டோடு இடப்பக்கத்திலிருந்து ஃபிரேமுக்குள் வருவார், 14 நொடி. சார் வொயிட் பேலன்ஸை, அதாவது எந்த நிற வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற கேமரா அளவை, 3200 கெல்வினில் வைத்திருந்தார். அதனால் அந்திவானம் தானாகவே நீலத்துக்குப் போய்விடுகிறது, அகல் சுடர் அதைவிட மிகவும் கீழே, 1900 பக்கம் இருப்பதால் ஆரஞ்சாகவே நிற்கிறது. நாங்கள் கம்ப்யூட்டரில் நாலு நோட் (அடுக்கடுக்கான நிறத் திருத்தம்) போட்டுக் கொண்டுவரும் நிறப் பிரிவை அவர் ஒரு பட்டனில் கேமராவிலேயே முடித்துவிட்டார். அதில் நான் தலையிடவில்லை. அந்த ஒளிவட்ட ஃபில்டரை, ப்ளாக் ப்ரோ-மிஸ்ட் கால் நம்பரை மட்டும்தான் வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு என்னிடம் ஒரு நியாயம் இருக்கிறது, இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு கல்யாண வேலை. அதைவிடப் பலமான அரை நம்பர் ப்ரோ-மிஸ்ட்டை காலையிலிருந்து ராத்திரி வரை கழற்றாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மண்டபத்து எல்.இ.டி. விளக்குகள் ஒவ்வொன்றும் பஞ்சுப்பொதி மாதிரி வீங்கி, பெண்ணின் முகம் பாலில் விழுந்தது போல. காண்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்த்தேன், ஷார்ப்பன் செய்து பார்த்தேன், போனது போனதுதான். தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியுமா? ஃபில்டரைப் பிறகு போடலாம், போட்டதைப் பிறகு எடுக்க முடியாது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

வேறு ஒரு காரணமும் உண்டு, இதை எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் எடிட்டிங்கிலிருந்து கலருக்கு, படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்கிற வேலைக்கு வந்திருந்தேன். டைட்டிலில் என் பெயர் தனியாக வரப்போகிற முதல் படம். அந்த ஒளிவட்டத்தை நான் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா? ஃபோனில் பேசியபோது அப்படி நினைக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் யோசிக்காமல் வந்த பதில் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்.

ஃபுட்டேஜ் வந்தது. 10 பிட், லாக் (பிறகு கலர் செய்ய வசதியாக வெளிறின மாதிரி பதிவு செய்யும் முறை), கையைக் குற்றம் சொல்ல முடியாத எக்ஸ்போஷர். சாஃப்ட்வேரில் ஒளிவட்டம் போடுகிற க்ளோவைப் போட்டேன், ஐந்து நிமிஷத்தில் அசிங்கமாகிவிட்டது. முதல் தப்பு, லாக்கிலேயே ப்ளர் செய்தது. வெளிச்சம் பரவாமல் சாம்பல் பூசியது போல இருந்தது. லீனியருக்கு, அதாவது நிஜ வெளிச்சத்தின் அளவுக்கு நேர் விகிதமான கணக்குக்கு மாற்றி, அங்கே கலைத்து, திரும்ப லாக்குக்குக் கொண்டுவந்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சார் சொன்னது புரிய ஆரம்பித்தது. முதல் படியில் எரியும் அகல், குளத்துக்கு அக்கரையில் எரியும் அகல், கோபுரத்தில் கட்டியிருந்த ஃபோகஸ் லைட் மூன்றுமே சென்சாருக்குத் தாங்க முடியாத வெளிச்சம். வெளிச்சத்தின் அளவை வரைந்து காட்டும் ஸ்கோப்பில் மூன்றும் மேலே போய் ஒரே கோட்டில் முட்டி நிற்கின்றன. நிஜத்தில் ஒன்று மற்றொன்றைவிடப் பல மடங்கு பிரகாசம். கண்ணாடி ஃபில்டருக்கு அது தெரியும், ஏனென்றால் வெட்டுப்படுவதற்கு முன்னால் இருக்கிற முழு வெளிச்சமும் அதன் வழியாகத்தான் போகிறது, அததன் பலத்துக்கு ஏற்ற ஒளிவட்டத்தை அது போடும். என் சாஃப்ட்வேருக்குக் கிடைத்தது வெட்டுப்பட்ட வெள்ளை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வட்டம் போட்டது, பொட்டு வைத்தது மாதிரி. சுடர் ஆடும்போது வட்டமும் மங்கிப் பிரகாசிக்க வேண்டும், அதுவும் இல்லை, ஏனென்றால் அந்த ஏற்ற இறக்கமெல்லாம் கோட்டுக்கு மேலே போய்விட்டது.

ஒவ்வொரு விளக்கையும் தனியாக வளைத்து விண்டோ போட்டு, அது நகரும்போது கூடவே போகும்படி ட்ராக் செய்து, எது கிட்டே எது தூரம் என்று பார்த்து வெளிச்சத்தைத் தூக்கி, நாலு ராத்திரி உட்கார்ந்தேன். அதெல்லாம் உழைப்பு, அதைப் பற்றிக் கவலையில்லை. என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அந்த அம்மா தட்டோடு உள்ளே வருகிறார் இல்லையா, ஃபில்டர் போட்டிருந்தால் அவர் ஃபிரேமுக்குள் வருவதற்கு முன்னாலேயே இடது ஓரம் லேசாக மலர ஆரம்பித்திருக்கும். விளக்கு படத்தில் இல்லை, ஆனால் அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுவிட்டது. வருகிறாள் என்று வெளிச்சம் முதலில் சொல்லும், பிறகு ஆள் வருவாள். என் க்ளோவோ, சுடர் ஃபிரேமின் விளிம்பைத் தொட்ட அந்த நொடியில் ஸ்விட்ச் போட்டது போல எரிகிறது. படத்தில் இல்லாத வெளிச்சத்தைப் பற்றி எடிட்டிங் டேபிளுக்கு ஒன்றுமே தெரியாது. கடைசியில் ஃபிரேமுக்கு வெளியே ஒரு போலி வெளிச்சத்தை வைத்து, கீஃப்ரேம் போட்டு, அவர் நடைக்கு ஏற்ப நகர்த்தினேன். 14 நொடிக்கு 336 ஃபிரேம். நன்றாகவே வந்தது. நிஜமாகவே நன்றாக வந்தது.

இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. கேமராமேன் ரோஜர் டீக்கின்ஸ் 2000-ல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’ படத்துக்காக மிசிசிப்பியின் கோடைப் பச்சையை முழுக்க டிஜிட்டலில்தான் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். கேமராவில் முடியாததை மேசையில் செய்தார், அதை யார் குறை சொல்வார்கள்? ஆனால் உடனே எதிர்ப்பக்கமும் ஞாபகத்துக்கு வருகிறது. ‘மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்’ 1971-ல் வந்தது. அதில் கேமராமேன் வில்மோஸ் சிக்மண்ட் நெகட்டிவுக்கே லேசாக வெளிச்சம் காட்டி நிறத்தை வெளிற வைத்தார். பிடிக்கவில்லை என்று பிறகு யாரும் திரும்பப் போக முடியாது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். சார் கேட்டது அந்த மாதிரி ஒரு அனுமதியைத்தான். அவர் என்னிடம் அனுமதி கேட்டிருக்கவே வேண்டியதில்லை, அவருடைய கேமரா, அவருடைய ஃபிரேம். இந்தக் காலத்தில் கலர் செய்கிறவனைக் கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை என்று நினைத்திருக்கிறார். அந்த மரியாதைக்கு நான் கொடுத்த பதிலைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

திரையிடல் அன்று நான் சொன்னது பலித்தது. யாருக்கும் தெரியவில்லை. படம் முடிந்து வெளியே நின்றபோது ஒரு பையன் சாரிடம் வந்து, அந்த விளக்கு ஷாட் எந்த லென்ஸ் சார், எந்த ஃபில்டர் என்று கேட்டான். சார் என்னைக் கைகாட்டி, “அது தம்பி பண்ணது” என்றார். குரலில் வருத்தம் இல்லை, குத்தலும் இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பையன் என் பக்கம் திரும்பி ப்ளக்-இன் பெயர் கேட்டான். நான் சொல்லிக்கொண்டே இருந்தபோது சார் டீ குடிக்கப் போய்விட்டார். நான் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. அந்த ஷாட் தன்னுடையது என்று அவரால் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்பதுதான் அப்போதிலிருந்து உறுத்துகிறது. பாராட்டு வேண்டும் என்று நினைத்திருந்தேன் என்றால், வந்தது. அது அவரிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்ததாக வரும் என்று நினைக்கவில்லை.

போன தையில் ஒரு ஃபில்டரை வாடகைக்கு வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் அகல் ஏற்றி, போட்டும் போடாமலும் எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு விளக்கு என்றால் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் பிரித்துச் சொல்வது கஷ்டம், என்னாலேயே ஒரு தடவை தப்பாகத்தான் சொல்ல முடிந்தது. வரிசையாகப் பத்து வைத்ததும் கண்ணாடி ஜெயித்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ரெண்டும் நல்லாத்தானே இருக்கு” என்றாள். அப்போ நான் சொன்னது சரிதானே? சரிதான். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எடுத்தவருக்குத் தெரியும் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அதைச் சேர்க்க வேண்டுமா என்பதற்கும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. மறுபடி அந்தக் கல்யாணப் பெண்ணின் முகம் ஞாபகம் வருகிறது, அவளும் பார்க்கிறவள்தானே.

போன வாரம் வேறொரு கேமராமேன், என்னைவிடச் சின்னவர், கடற்கரையிலிருந்து கூப்பிட்டார். “அண்ணே, மிஸ்ட் போடவா?” ரெண்டு விதமாவும் ஒவ்வொண்ணு எடுங்களேன் என்றேன். “டைம் இல்லண்ணே, லைட் போயிட்டு இருக்கு.” சரி, போடாதீங்க என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு, உங்களுக்கு என்ன தோணுது என்று அவரைக் கேட்கவே இல்லையே என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை, ஷாட்டில் இருந்திருப்பார். ஃபுட்டேஜ் நாளைக்கு வருகிறது.