இளக்கிப் பிடிக்கத்தான் பலம் வேண்டும்

ஆறு மாதம் விடாமல் ஹேண்ட் கிரிப்பரை, அதாவது பிடியைப் பலப்படுத்தக் கையில் வைத்து அமுக்கும் ஸ்பிரிங் கருவியை, அமுக்கிக்கொண்டிருந்தேன். படம் பார்க்கும்போது, போனில் பேசும்போது, தூக்கம் வராதபோது என்று எந்நேரமும் கிரீச் கிரீச் சத்தம்தான். வீட்டில் திட்டு வாங்கியதும் உண்டு. முன்கை நன்றாகவே திரண்டது. ஆனால் பேஸ்பால் மட்டையோடு போய் நின்றால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். உடம்பை ஒட்டி வரும் வேகப்பந்துக்கு என் மட்டை வந்து சேர்வதற்குள் பந்து பின்னால் நிற்கும் கேட்சரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். பயிற்சியாளர் ஒருநாள் பின்னால் வந்து என் தோளை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. "ஏன்பா இப்படிக் கழுத்தை நெரிக்கிற? மட்டை எங்கேயும் ஓடிடாது" என்றார்.

நீங்களே செய்து பாருங்கள். கையை முடிந்தவரை இறுக்கி மூடிக்கொண்டு மணிக்கட்டை வேகமாக ஆட்டுங்கள். அப்புறம் விரல்களைப் பாதி தளர்த்திவிட்டு மறுபடி ஆட்டுங்கள். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன; அவற்றை எலும்போடு கட்டும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. அளவுக்கு மீறி இறுக்கினால் எதிர்ப்பக்கத் தசைகளும் சேர்ந்துகொண்டு மணிக்கட்டைப் பூட்டிவிடும், அந்த இறுக்கம் முழங்கை, தோள் என்று மேலே ஏறும். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு நமக்குக் கிடைப்பதே சுமார் 0.4 நொடி, அதில் பூட்டைத் திறக்க நேரம் ஏது?

சரி, அடிபடும் கணத்திலாவது இறுக்கினால் பந்து கூடுதல் தூரம் போகுமா என்றால் அதுவும் இல்லை. மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அதிர்வு கைப்பிடிக்குப் போய்த் திரும்புவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது.

பிறகு எதற்குத்தான் பலம்? கிட்டத்தட்ட 900 கிராம் மட்டை முழு வேகத்தில் சுழலும்போது கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்கவும், கடைசி நேரத்தில் மட்டையின் கோணத்தைத் திருத்தவும், பாதி சுற்றிய மட்டையை நிறுத்தவும் வேண்டும். பேச்சுக்குச் சொல்கிறேன், இதற்கெல்லாம் 30 கிலோ பிடி தேவை என்று வையுங்கள். உங்கள் முழுப் பிடியே 40 கிலோ என்றால் முக்கால்வாசி பலத்தைக் கொட்டியாக வேண்டும். அதுவே 60 என்றால் பாதியில் முடிந்துவிடும், மீதிக் கை தளர்வாக இருக்கலாம். எனக்கு இது புரியவே இவ்வளவு நாள் ஆனது.

இப்போது நான் அதிகம் நம்புவது ஒரு 2 கிலோ சம்மட்டியை. பிடியின் கடைசியில் பிடித்துக் கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சம்மட்டியின் தலையை முன்பக்கம் தூக்குவேன், அப்புறம் தலையைப் பின்பக்கமாக வைத்து அதே மாதிரி. அடுத்து உட்கார்ந்து, முன்கையைத் தொடைமேல் வைத்து, சம்மட்டியை நேராக நிறுத்தி, மெதுவாக உள்ளே சாய்த்து, நிமிர்த்தி, வெளியே சாய்ப்பது. பந்து படும் இடத்தில் மேல்கையின் (மட்டையில் மேலே பிடித்திருக்கும் கை) உள்ளங்கை வானத்தையும் கீழ்க்கையின் (அடியில் பிடித்திருக்கும் கை) உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் கை நிற்கச் சாய்க்கும் வேலைதான் உதவுகிறது, கிரிப்பர் இதைத் தொடுவதே இல்லை. கனமாகத் தெரிந்தால் பிடியை இரண்டு விரல் அகலம் தலைப்பக்கம் நகர்த்தினால் போதும். வீசி ஆட்டிச் செய்யாதீர்கள், மெதுவாகக் கீழே இறக்குவதும் முக்கியமான வேலைதான்.

இதோடு கனமான டம்பெல்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடப்பது, கம்பியில் தொங்குவது, வாளி நிறைய அரிசியில் கையைப் புதைத்து விரல்களை விரிப்பதும் மூடுவதும். அரிசி வாளியைக் கிண்டல் செய்பவர்களுக்கு: ஸ்டீவ் கார்ல்டன் அரிசிக்குள் கையை விட்டுப் பிசைந்தவர்தான், 1972இல் 27 ஆட்டங்களை வென்ற அமெரிக்க பிட்சர், அதாவது பந்து எறிபவர். விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு விரிப்பதையும் விடாதீர்கள். மூடும் தசையை மட்டும் வளர்த்துக்கொண்டே போய், அதுவும் தினமும் கனத்தோடு மணிக்கட்டை மடக்கிக்கொண்டிருந்து, முழங்கையின் உள்பக்கம் வலி வந்து இரண்டு மாதம் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தவன் நான். தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநாண் மெதுவாகத்தான் வரும். வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டவே வேண்டாம்.

பிடிக்கும் விதமும் சேர்த்துத்தான். மட்டை விரல்களில் உட்கார வேண்டும், உள்ளங்கையின் பள்ளத்தில் அல்ல. கீழ்க்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பொறுப்பை எடுத்துக்கொண்டால் ஆள்காட்டிவிரல் சும்மா இருக்கலாம். பந்துக்குக் காத்திருக்கும்போது விரல்களை மட்டைமேல் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைக்கிறேன். அப்படி எடுக்க முடியவில்லை என்றால் மறுபடி கழுத்தை நெரிக்கிறேன் என்று அர்த்தம்.

இன்னொன்று. கீழ்க்கையில், சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடியில், மட்டைக் கைப்பிடியின் அடிக்குமிழ் வந்து இடிக்கும் இடத்தில் வலி தொடர்ந்தால் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அமுக்காதீர்கள். அங்கே கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, அது மட்டையாளர்களுக்கு உடைவது உண்டு, சாதாரண எக்ஸ்ரேயில் தப்பியும் போகும். ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.